ஆறாயி வளர்த்த நாக்குப் பாசி

ஆறாயிக்கு இந்த உலகத்தில் பிடித்த ஆட்களை விரல் விட்டு எண்ணினால் ஒரு கையிலேயே பாதி விரல் மிஞ்சும். பிடிக்காதவர்களின் பட்டியல்தான் நீளம். பஸ்ஸில் இடம் கிடைத்ததும் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடிக்கிற ஆம்பிளைகள், குழாயடியில் தன் வாளியை மட்டும் முதலில் வைக்கிற பக்கத்து அறை பேச்சியம்மா, கரப்பானை வெட்டிப் படிக்க வந்துவிட்டு அதைக் கண்டதும் கதிரையில் ஏறி நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் அதில் உண்டு. பட்டியலின் உச்சியில், வேறு எவரும் எட்ட முடியாத இடத்தில், குலவீரசிங்கம் மாஸ்டர் இருந்தார்.

மாஸ்டர் தாவரவியல் படிப்பித்தார். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த மதிவளர் கல்வி நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு. உண்மையான முதலாளி கனடாவுக்குப் போகும்போது சாவிக்கொத்தையும் ரப்பர் முத்திரையையும் இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சாவியை மாஸ்டர் ஆணியில் மாட்டிவிட்டார். முத்திரையை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். குளிக்கப் போகும்போதும் கொண்டுபோவாரோ என்று ஆறாயி ஒருமுறை காரியாலயத்து றோஸியிடம் கேட்டாள். றோஸி தட்டச்சு இயந்திரத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

ஆறாயி அங்கே பதினோரு வருடமாகக் கூட்டிப் பெருக்கி, கக்கூஸ் கழுவி, தேநீர் ஊற்றி வந்தாள். பிறந்தது நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். பத்து வயதில் கொள்ளுப்பிட்டியில் ஒரு பங்களாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அவள் அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்த வருடங்களில், இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார், இங்கே இருக்கிறவர்கள் யார் என்று இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசி ஆட்களைப் பங்கு பிரித்தன. அப்பனும் ஆத்தாளும் கப்பலேறினார்கள். மகளுடைய பெயரை எழுத ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. இந்தியக் கடதாசியிலும் அவள் இல்லை, இலங்கைக் கடதாசியிலும் இல்லை. பிறகு புறக்கோட்டையில் கைவண்டி இழுத்த செல்லையாவைக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். பத்துப் பதினைந்து குடும்பம் ஒரே குழாயைச் சுற்றி வாழ்கிற வரிசை அறைகளைக் கொழும்பில் ‘தோட்டம்’ என்பார்கள், பெயருக்குக்கூட ஒரு செடி இருக்காது. அப்படி ஒரு தோட்டத்தில் அவர்களுக்கு ஓர் அறை. செல்லையா எண்பத்தொன்பதில் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிடித்தவர்கள் என்று அவள் மடக்கிய விரல்களில் ஒன்று அவனுடையது.

இது நடந்தது தொண்ணூற்றேழில். அந்த வருடங்களில் கொழும்பில் தமிழராக இருந்தவர்களுக்கு அடையாள அட்டை சட்டை மாதிரி, அது இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. ஆறாயியிடம் அட்டை இல்லை. இருந்ததெல்லாம் ஒரு கடிதம். இன்னார் எங்கள் நிலையத்தில் வேலை செய்கிறார் என்று றோஸி சிங்களத்தில் தட்டச்சு செய்து, மாஸ்டர் கையொப்பம் வைத்து, அந்தப் பெரிய முத்திரையைக் குத்திக் கொடுத்த கடிதம். அதற்கு ஆறு மாதம்தான் உயிர். தேதி தாண்டிய கடிதத்தோடு அகப்பட்டால் ஜீப்பில் ஏற்றுவோம் என்று சோதனைச் சாவடியில் ஏற்கெனவே ஒருமுறை சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏற்றிய பிறகு தேடி வருவதற்கு அவளுக்கு யாரும் இல்லை. அந்தக் கடிதம் மார்ச் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையோடு முடிகிறது.

இனி அந்தப் பாசியின் கதைக்கு வருவோம்.

கல்வி நிலையத்தின் பின்பக்கம், கக்கூஸ் சுவரோடு ஒரு தண்ணீர்க் குழாய் ஓடியது. அதன் மூட்டில் எப்போதும் ஒரு கசிவு. சொட்டு விழுகிற இடத்தில், வெயில் எட்டிப் பார்க்காத அடிச்சுவரிலும் சீமெந்துத் தரையிலும், தட்டையாக ஒரு பச்சை படர்ந்திருந்தது. வழமையான பாசிபோல மொசுமொசுவென்று இருக்காது. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு, நுனியில் இரண்டாகப் பிளந்த நாக்கு. நாக்கின் மேலே குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், கிண்ணத்துக்குள் கசகசா போலப் பச்சை மணிகள். ஆறாயி அதற்கு ‘நாக்குப் பாசி’ என்று பெயர் வைத்தாள். வேலைக்கு வந்த புதிதில் அதை ஒழிக்கப் படாத பாடு பட்டாள். தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தாள், கத்தியால் சுரண்டினாள். சுரண்டிய துண்டில் ஒரு நகக்கண் அளவு மிஞ்சினாலும் அது தலையெடுத்துவிடும். அடுத்த மாதம் முன்பைவிட இரண்டு மடங்கு இடம் பிடித்திருக்கும்.

தேநீர்க் கோப்பைகளை அவள் அந்த இடத்தில் குந்தித்தான் கழுவுவாள். கை வேலை செய்ய, கண் சும்மா இருக்கும். ஒருநாள் சொட்டுத் தண்ணீர் நேராக ஒரு கிண்ணத்துக்குள் விழுவதைப் பார்த்தாள். உள்ளே இருந்த மணி ஒன்று தெறித்து ஒரு முழம் தள்ளிப் போய் ஈரச் சீமெந்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கிழமையில் அந்த மணி தட்டையாகி, இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நாக்கு நீட்டத் தொடங்கியது. பூவும் இல்லை, விதையும் இல்லை, ஆணும் பெண்ணும் சேர்கிற சங்கதியும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீரின் உதை போதும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவளுக்கு அதைச் சுரண்ட மனம் வரவில்லை. பிடித்துப்போயிற்று என்று சொல்ல அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், கை வலிக்குது என்றுதான் சொல்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன் மாஸ்டர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹக்கலைத் தாவரவியல் தோட்டத்துக்குச் சுற்றுலா போனார். திரும்பி வரும்போது ஒரு பிளாஸ்டிக் தட்டில் மண்ணோடு ஏதோ பச்சையாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆறாயி எட்டிப் பார்த்தாள். அவளுடைய நாக்குப் பாசி.

“இதுக்குப் பேர் மார்கன்ஷியா” என்று மாஸ்டர் வகுப்புக்குச் சொன்னார். “உயர்தரச் சோதினையில கட்டாயம் வரும். ஹக்கலைக் குளிரில இருந்து நான் கொண்டந்தது. கொழும்பு வெக்கைக்கு உது தன்பாட்டில முளைக்காது.”

சொல்லிவிட்டு அந்தத் தட்டைக் கொண்டுபோய், கடற்கரை வெயில் நேராக விழுகிற யன்னல் விளிம்பில் வைத்தார். பச்சை என்றால் வெயில் வேண்டும் என்று அவருடைய புத்தகத்தில் இருந்திருக்கும். ஆறாயி தண்ணீர் ஊற்றத்தான் செய்தாள். ஒன்பதாம் நாள் அது அப்பளம் மாதிரிச் சுருண்டு கிடந்தது. கழுவேற்றப் போவது யாரை என்று அவளுக்குத் தெரியும். கக்கூஸ் பக்கம் போய், கத்தியால் ஒரு உள்ளங்கை அளவு பெயர்த்து, மண்ணோடு தட்டில் பதித்து வைத்தாள்.

மறுநாள் மாஸ்டர் தட்டைப் பார்த்தார். “பாத்தியே றோஸி? என்ர கையில எதுவும் வாடாது” என்றார்.

அன்றைக்கு ஆறாயி விட்ட மூச்சில் ஒரு வாளி தண்ணீர் கொதித்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு வருடம், அவர் மாதம் ஒரு தடவை அதைக் காயவைத்துக் கொன்றார். இவள் மாதம் ஒரு தடவை கக்கூஸ் சுவரிலிருந்து உயிர் கொடுத்தாள். மாஸ்டரும் அதே கக்கூசுக்குத்தான் ஒரு நாளைக்கு மூன்று தரம் போய் வந்தார். கரும்பலகையில் கலர் சோக்கால் வரைந்து, கிண்ணத்துக்குக் கோடு போட்டுப் பெயர் எழுதுகிற அந்த மனிதர், தன் செருப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்த அதே பொருளை ஒரு தடவை குனிந்து பார்த்ததில்லை. இவ்வளவு படித்தும் ஒரு மனிதன் இவ்வளவு குருடாக இருக்க முடியுமா என்று ஆறாயிக்கு ஆச்சரியம். ஆச்சரியம் தீர்ந்ததும் அருவருப்புத்தான் மிஞ்சியது.

மார்ச் மாதம் மாஸ்டர் ஒரு பெரிய திட்டம் போட்டார். ஒழுங்கையின் அடுத்த முனையில் இன்னொரு டியூட்டரி திறந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதை மடக்க, ‘உயிருள்ள மாதிரிகளுடன் மாபெரும் செய்முறை வகுப்பு, பெற்றோரும் வரலாம்’ என்று மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு நோட்டீஸ் அடித்து மதில் மதிலாக ஒட்டினார். அந்தக் கிழமையின் புதன்கிழமை வகுப்பில் ஆறாயி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“உதுக்கு உண்மையான வேர் இல்லை” என்று மாஸ்டர் கரும்பலகையைத் தட்டினார். “வேர்ப்போலிதான் இருக்கு. சும்மா பிடிச்சுக்கொண்டு கிடக்கும். எங்கட ஆறாயியைப் போல. ஊருமில்லை, வேருமில்லை. என்ன ஆறாயி?”

வகுப்பு சிரித்தது. ஆறாயிக்குக் காது சுட்டது. அவமானம் என்றால் அவமானம்தான், அதற்கு வேறு பெயர் இல்லை. மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு சூட்கேசோடு கொழும்புக்கு வந்து ஏழு வருடம். தெஹிவளையில் யாரோ ஒருவர் வீட்டு அனெக்ஸில் வாடகைக்கு இருந்துகொண்டு, வீட்டுக்காரன் கதவைத் தட்டினால் எழுந்து நிற்கிறவர். அவள் கொழும்புக்கு வந்து முப்பத்தாறு வருடம். யாருக்கு எங்கே வேர் என்று அளப்பதற்கு இந்த ஆளுக்கு யார் அளவுகோல் கொடுத்தது? அவள் வாசலைக் கூட்டி முடித்தாள், ஏனென்றால் கடிதம் அவர் பையில் இருந்த முத்திரைக்காகக் காத்திருந்தது.

வகுப்பு கலைந்ததும் போய் நின்றாள்.

“மாஸ்டர், கடுதாசி இந்தச் சனிக்கிழமையோட முடியுதுங்க. றோஸி மிஸ் டைப் அடிச்சு வச்சிருக்காங்க. கையெழுத்து மட்டுந்தாங்க.”

“கையெழுத்து மட்டுமோ?” மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கென்ன தெரியும்? நாளைக்கு ஏதும் பிரச்சினையெண்டால் உன்னையோ பிடிப்பாங்கள்? சைன் வைச்சவனையெல்லோ பிடிப்பாங்கள். ஞாயிறு வகுப்பு முடியட்டும், தாறன்.”

“சனியோட முடியுதுங்களே.”

“ஒரு நாளில என்ன உலகமே அழியப்போகுது? போ, போய் வேலையைப் பார்.”

அவர் பயம் பொய்ப் பயம் இல்லை. அந்த வருடங்களில் ஒரு கையொப்பத்துக்காக உள்ளே போனவர்கள் உண்டு. ஆனால் இத்தனை வருடம் தன் எச்சில் கோப்பையைக் கழுவிய ஒருத்தியை யாரென்று சொல்லப் பயப்படுகிறவனை ஆம்பிளை என்று எண்ண ஆறாயி தயாராக இல்லை.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் பின்பக்கம் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெற்றோர் வருகிற நாளில் கக்கூஸ் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டுமாம்.

“என்ன ஊத்தை இது? சுவர் முழுக்கப் பாசி. எல்லாத்தையும் சுரண்டிப்போட்டுச் சுண்ணாம்பு அடி.”

“இதையுங்களா மாஸ்டர்?” ஆறாயி நாக்குப் பாசியைக் காட்டினாள். வேண்டுமென்றே விரலை நீட்டி, கிண்ணத்துக்கு மேலேயே காட்டினாள்.

“வேறை எதை? கண் தெரியேல்லையோ உனக்கு?”

“தெரியுதுங்க” என்றாள் ஆறாயி.

சுரண்டினாள். சுண்ணாம்பு அடித்தாள். சுண்ணாம்புக்கு முன்னால் அந்தப் பாசி நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு துண்டை மட்டும் ஒரு மாஜரின் டப்பாவில் சேற்றோடு எடுத்துவைத்தாள். பாசத்தில் இல்லை. அடுத்த தடவை தட்டுக் காயும்போது பழி தன் தலையில்தான் விழும் என்கிற கணக்கு. டப்பாவைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தாள். பேச்சியம்மா, “என்னடி இது, சோத்துக்கு வழியில்லாம பாசி வளக்கிறியா?” என்று கேட்டாள். ஆறாயி டப்பாவைச் சொட்டுக்கு நேராக நகர்த்தினாள்.

சனிக்கிழமை காலையில் வந்தபோது தட்டு பச்சையாகத்தான் இருந்தது. மாஸ்டருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு இன்னும் செழிப்பாகத் தெரிய வேண்டும் என்று தட்டை எடுத்து மொட்டை மாடியில் வைத்தார். மார்ச் மாதத்து வெயில், போதாததற்கு உப்புக் காற்று. பொழுது சாயும்போது ஆறாயி மேலே போய்ப் பார்த்தாள். தொட்டதும் பொடியாயிற்று.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஆள் நாசமாய்ப் போகட்டும், ஆயிரம் பேர் முன்னால் முழிக்கட்டும் என்று ஒரு பக்கம் மனம் குதித்தது. ஆனால் முழித்த கையோடு அவர் கடிதத்தில் கையொப்பம் வைப்பாரா? அந்தக் கோபத்தில் அவளை வாசலோடு துரத்துவார். கீழே இறங்கி, கடைசித் தடவையாகக் கேட்டாள். நாளைக்கு என்றார் மாஸ்டர், முகத்தைக்கூடத் திருப்பாமல். அந்த நாளைக்கு, தேதி முடிந்த கடிதத்தோடு, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் வர வேண்டும். வராவிட்டால் பாசியும் இல்லை, கடிதமும் இல்லை.

ஞாயிறு காலை புறக்கோட்டையில் பஸ் மாறி வந்தாள். பம்பலப்பிட்டி தாண்டிக் கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எல்லாரையும் இறக்கினார்கள். வரிசை, அட்டை, பை. ஆறாயியின் முறை வந்தபோது ஒரு இளம் பொலிஸ்காரன் டப்பாவின் மூடியைத் திறந்து பின்வாங்கினான்.

“அம்மே, மே மொனவத?” இது என்ன என்று கேட்டான்.

முப்பத்தாறு வருடச் சிங்களத்தில் அவள் விளக்கமாகச் சொன்னாள். பாசி. பிள்ளைகள் படிக்கிறதுக்கு. அந்த ஒழுங்கையில் வகுப்பு நடக்கிறது. மாஸ்டர் காத்திருக்கிறார்.

“பாசியைப் படிக்கிறார்களா?” அவன் சார்ஜண்டைக் கூப்பிட்டான். சார்ஜண்ட் ஒரு குச்சியால் சேற்றைக் கிளறினார். பிறகு கடிதத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

“நேற்றோடு முடிந்துவிட்டது” என்றார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார்கள். ஆறாயி டப்பாவை இறுக்கிப் பிடித்தாள். ஜீப் ஒன்று வந்து நின்றது. பின்னால் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. குலவீரசிங்கம் மாஸ்டரின் ஏழு தலைமுறையையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டினாள். கடைசியில் சார்ஜண்டுக்கு என்ன தோன்றியதோ, டியூட்டரி பக்கத்தில்தானே, கூட்டிக்கொண்டு போய் விசாரி, அவர்கள் தெரியாது என்றால் திருப்பிக் கொண்டு வா என்று இளையவனை அனுப்பினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. நூற்றைம்பது பிள்ளைகள், சுவரோரம் பெற்றோர். மேசையில் அந்தக் காய்ந்த தட்டு. கரும்பலகை முழுவதும் மாஸ்டர் கலர் சோக்கால் மார்கன்ஷியாவை ஒரு பாய் அளவுக்கு வரைந்திருந்தார். பிளந்த நாக்கு, கிண்ணங்கள், கிண்ணத்துக்குள் மணிகள், ஒன்று விடாமல். உயிருள்ள மாதிரி ஹக்கலையிலிருந்து வருகிற வழியில் வெக்கையால் பழுதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சப்பாத்துச் சத்தம் கேட்டதும் பேச்சு அறுந்தது. அத்தனை பிள்ளைகளின் கையும் அடையாள அட்டை இருக்கிற பையைத் தொட்டது.

“இந்தப் பெண் இங்கே வேலை செய்கிறாளா?” என்று பொலிஸ்காரன் சிங்களத்தில் கேட்டான்.

மாஸ்டர் சோக்குக் கட்டியை உள்ளங்கையில் உருட்டினார். “வந்து... இடைக்கிடை. நிரந்தரம் இல்லை” என்றார்.

காரியாலய வாசலில் நின்ற றோஸி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது உங்கள் வகுப்புக்கு என்று சொல்கிறாள்.” அவன் டப்பாவை நீட்டினான்.

மாஸ்டர் டப்பாவைப் பார்த்தார். சுண்ணாம்புத் துகள் ஒட்டிய சேறு, அதன் நடுவே அந்தப் பச்சை. முதல் தடவையாக அவர் அதை உண்மையாகவே பார்த்தார் என்பதை ஆறாயி கண்டாள். அவர் முகத்தில் இரத்தம் ஏறி இறங்கியது. இரண்டு வருடத்துத் தட்டு எங்கிருந்து பச்சையாயிற்று என்பது அந்த ஒரு நொடியில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஓம் என்றால் ஹக்கலைக் கதை பொய்யாகிவிடும். பொலிஸ் முன்னால் அவளுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும். இல்லை என்றால் இரண்டும் தப்பும்.

“எனக்குத் தெரியாது” என்றார் மாஸ்டர், சிங்களத்தில், தெளிவாக. “அது வெறும் சுவர்ப் பாசி. இங்கே அதற்கு வேலை இல்லை.”

பொலிஸ்காரன் ஆறாயியின் முழங்கையைப் பிடித்தான். ஜீப்பின் பின்னால் அழுதுகொண்டிருந்தவளின் முகம் அவள் கண்ணுக்குள் வந்தது. இப்படி ஒரு மனிதனின் வாய்ச்சொல்லில் தன் உயிர் தொங்குகிறதே என்ற வெட்கம்தான் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அவளை இழுத்துக்கொண்டு திரும்பிய பொலிஸ்காரன் பாதியில் நின்றான். கரும்பலகையை அப்போதுதான் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். மறுபடியும் பலகையைப் பார்த்தான். ஆறாயியின் கையை விட்டுவிட்டு நேரே நடந்துபோய், டப்பாவைச் சித்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்து, படத்தின் கிண்ணத்தில் ஒரு விரலும் டப்பாவின் கிண்ணத்தில் ஒரு விரலும் வைத்தான்.

“சேர், மேக்கமய் நேத அர?” இதுதானே அது என்று கேட்டான். கேலியாக அல்ல. சின்ன வகுப்புப் பிள்ளை சரியான விடையைக் கண்டுபிடித்த மாதிரிக் கேட்டான்.

கடைசி வரிசை வாங்கில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது முன்னுக்கு முன்னுக்கு ஓடிவந்து பெற்றோர் வரைக்கும் போயிற்று. புதன்கிழமை சிரித்த அதே வாய்கள்தான். மாஸ்டர், “ஓவ்... ஓம், வெளிச்சத்தில சரியாத் தெரியேல்லை” என்று இரண்டு பாஷையிலும் தடுமாறினார். வெளிச்சம் அவர் மொட்டைத் தலையில் பட்டுக்கொண்டிருந்தது.

பொலிஸ்காரன் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கிவிட்டு, அப்படியானால் இவள் சொன்னது எல்லாம் உண்மை, புதுக் கடிதம் இப்போதே வேண்டும் என்றான். றோஸி ஏற்கெனவே கடிதத்தோடும் பேனாவோடும் நின்றாள். ஓர் இடத்தை மட்டும் அவள் பேனாவால் திருத்தியிருந்தாள். பதினோரு வருடம் நிரந்தர ஊழியர் என்று. மாஸ்டர் அதை வாசித்தார், பொலிஸ்காரனைப் பார்த்தார், கையொப்பம் வைத்தார். அவசரத்தில் குத்திய முத்திரை சரிந்து விழுந்தது. பொலிஸ்காரன் ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

ஆறாயி கடிதத்தை நான்காக மடித்து இடுப்புச் சுருக்கில் செருகினாள். டப்பாவை எடுத்தாள்.

“அதை இஞ்சை மேசையில வை” என்றார் மாஸ்டர். குரல் பழைய இடத்துக்கு ஏறப் பார்த்தது.

“இது வெறும் சுவத்துப் பாசி தானுங்களே மாஸ்டர். இங்க அதுக்கு வேலை இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க.” அவள் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். “இது வெயில்ல வச்சா செத்துப்போயிருங்க. சொட்டுத் தண்ணி விழுற எடம் வேணும். பாக்கணும்னா கக்கூசுக்குப் பின்னால வந்து குனிஞ்சு பாருங்க.”

பின்பக்கம் போய், வெள்ளையடித்த சுவரடியில், கசிகிற மூட்டுக்கு நேர் கீழே டப்பாவை வைத்தாள். முதலில் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு ஒரு வரிசையே வந்தது. கரப்பானுக்குக் கதிரையில் ஏறியவர்கள் கக்கூஸ் தரையில் முழங்கால் குத்தி, சொட்டு எப்போது விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். விழுந்தது. மணி தெறித்தது. “ஐயோ, பறக்குது!” என்று ஒரு பெட்டை கத்தினாள். பெற்றோரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வராமல் இருந்தால் இன்னும் கேவலம் என்று தெரிந்து, எல்லாருக்கும் கடைசியாக, மூக்கில் கைக்குட்டையோடு மாஸ்டரும் வந்தார்.

அவர் குனிய நேரமெடுத்தது. பழக்கமில்லாத உடம்பு. ஒரு கையைச் சுவரில் ஊன்றிச் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, மூக்கு டப்பாவில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். ஆறாயி அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செப்டம்பரில் கடிதம் முடியும். அப்போதும் இந்தப் பிடரிக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தாள். அவரும் அதையேதான் நினைத்திருப்பார். தலையைத் தூக்காமலே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “சுண்ணாம்பு அடிக்கச் சொன்னபோது நீ எனக்குச் சொல்லியிருக்கலாமெல்லோ” என்றார்.

“விரலை நீட்டிக் காட்டினேனுங்களே” என்றாள் ஆறாயி.

சொட்டு விழுந்தது. ஒரு பச்சை மணி தெறித்துப் போய் மாஸ்டரின் வெள்ளைச் சட்டைக் கையில் ஒட்டியது. அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அதோடு உள்ளே போனார். ஆறாயி அதைப் பார்த்தாள். விளக்குமாற்றை எடுத்து, நூற்றைம்பது பேரின் சப்பாத்துச் சேற்றைக் கூட்டத் தொடங்கினாள்.